ஐந்து ஆடுகளின் இடது காது

நூற்பாலையில் இரவு ஷிப்டில் இரண்டு வருடம் இருந்தேன். ஒரு நாள் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றபடி தூங்கிவிட்டேன். மறுநாள் போகவில்லை. ஐந்து மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். கோவில்பட்டியில் ரெசினில் சின்ன உருவங்கள் செய்து விற்கும் முத்துச்செல்வியக்கா, அதிகம் பேச வேண்டாத வேலை ஒன்று இருக்கிறது, வா என்றாள். போனேன்.

உருவம் செய்வதும் வண்ணம் தீட்டுவதும் அவள். நடுவில் உள்ள வேலை எனக்கு. அச்சிலிருந்து வரும் துண்டுகளில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். சோப்புத் தண்ணீரில் பல் துலக்கும் பிரஷால் தேய்க்காவிட்டால் அடிப்பூச்சான பிரைமர் பிடிக்காது, உரிந்துவரும். வளைந்த கால்களை வெந்நீரில் முக்கி நிமிர்த்த வேண்டும். அச்சின் இரண்டு பாதி சேர்ந்த கோட்டை அரத்தால் ராவி, நனைத்த உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். காற்றுக்குமிழ் விட்ட குழிகளைப் பசை பிசைந்து அடைக்க வேண்டும். குறை கண்டுபிடிப்பதில் நான் கெட்டிக்காரன். வேறு எதிலும் இல்லை.

அந்த வாரம் ஐந்து ஆடுகள், ஒவ்வொன்றும் விரல் நீளம். புதூர்ப் பக்கத்துச் சந்தனமாரி கேட்டவை. மழைக்காலத்தில் நோய் வந்து ஒன்பது நாளில் அவள் மந்தை முழுக்கச் செத்துவிட்டது. செல்போனில் ஐந்தின் படம்தான் மிச்சம். அதை வைத்துத்தான் முத்துச்செல்வியக்கா செய்தாள்.

ஐந்திலும் இடது காதின் ஓரத்தில் குழி. ஒரே இடம். அச்சில் கோளாறு என்று முடிவு செய்தேன். பசை வைத்து அடைத்து, இறுகிய பிறகு விரல் வழுக்கும்வரை தேய்த்தேன். நல்ல வேலை.

மறுநாள் காலை பிரைமர் டப்பாவைக் குலுக்கிக்கொண்டிருந்தபோது சந்தனமாரி வந்தாள். எந்த ஆட்டுக்கு எந்த நிறம் என்று சொல்ல வந்திருந்தாள். முத்துச்செல்வியக்கா வண்ணம் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள்.

சந்தனமாரி ஓர் ஆட்டை எடுத்துக் காதைத் தடவினாள். "இது என்ன தம்பி, காதுல தேமல் மாதிரி?"

"ஓட்டை இருந்துச்சுக்கா. அடச்சுட்டேன். பெயிண்ட் அடிச்சா அந்த ஆண்டவனுக்கே தெரியாது."

"ஓட்டையா?"

மற்ற நான்கையும் எடுத்துத் தடவினாள். மேசையில் வைத்தாள். "இது என் ஆடு இல்ல தம்பி. ஊர்ல யார் ஆடோ."

முத்துச்செல்வியக்காவைப் போனில் கூப்பிட்டேன். "ஏலே வேல்ராஜ், அது அவிய அடையாளம்லா! தாள்ல எழுதி ஒட்டிருக்கேனே, கண்ண எங்கன வச்சிருக்க?"

தாள் சுவரில்தான் இருந்தது. இடது காது வெட்டு, ஐந்துக்கும். நான் படிக்கவில்லை. ஆலையில் சுவரில் ஒட்டியதை யாரும் படிப்பதில்லை.

"நீ எந்த ஊரு?" என்றாள் சந்தனமாரி.

"நாகலாபுரம்."

"கெடை போட வருவோமே அங்கன. பாத்ததில்லையா?"

வருடா வருடம் எங்கள் கரிசல் காட்டில் இரவில் ஆடுகளை அடைப்பார்கள். உரத்துக்காக. விடிந்ததும் புழுக்கை எவ்வளவு கிடக்கிறது என்றுதான் பார்ப்போம். காதை யார் பார்த்தது?

"பாத்ததில்லக்கா."

"ரெண்டு கெடை கலந்துச்சுன்னா காதத் தொட்டுத்தான் பிரிப்போம். செத்ததுகளக் குழிக்குள்ள தள்ளும்போதும் ஒவ்வொரு காதா தொட்டுப் பாத்தேன். ஒண்ணாச்சும் அடுத்தவிய ஆடா இருந்துறாதான்னு." மேசையில் கிடந்த ஆடுகளை வரிசையாக நிறுத்தினாள். "எல்லாம் என் ஆடுதான்."

டப்பாவைக் கீழே வைத்தேன். "எப்படி வெட்டுவீங்கன்னு காட்டுங்க. வெட்டித் தாரேன்."

கழுவும் சோப்பை எடுத்து, நகத்தால் ஓரத்தில் சரிவாக ஒரு பிறை போட்டாள். அதைப் பார்த்துப் பார்த்துப் பசையைக் கத்தி முனையால் நோண்டி, எலிவால் அரத்தால் ராவினேன். இரண்டு காதுகள் ஒழுங்காக வந்தன. மூன்றாவது அடியோடு ஒடிந்து தரையில் விழுந்தது.

நான் அவளைப் பார்க்கவில்லை. குனிந்து தேடி எடுத்தேன். தலையிலும் காதிலும் மயிரிழை மாதிரித் துளையிட்டு, கம்பி செருகி ஒட்டினேன். "மெதுவா செய்யி. அடுத்த பஸ்ஸுக்குப் போய்க்கிடுதேன்" என்றாள்.

அடுத்த பஸ்ஸும் போயிருக்கும். ஐந்தையும் மறுபடி கழுவித் துடைத்து அவள் முன்னால் வைத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் ஒவ்வொரு காதாகத் தொட்டாள். கடைசி ஆட்டில் விரல் நின்றது.

"இதுல கொஞ்சம் ஆழம் கூட."

"அடச்சுட்டு மறுபடி வெட்டவா?"

"வேண்டாம்பா. எத்தன தடவதான் காதக் குடுக்கும் அது, பாவம்."

கண்ணைத் திறந்து, அந்த ஆட்டை என் பக்கம் நகர்த்தினாள். "இது செவலை. நெத்தியில மட்டும் வெள்ள. எழுதிக்கோ. எழுதுனத படி."