ஒரணா கேக்கு, ஊரு வெரலு

எல்லாரும் எப்டி கீறீங்கோ? ஒடம்பு கிடம்பு நல்லா கீதா? சக்கரக்காரங்க, மூட்டு வலிக்காரங்க எல்லாம் மாத்திரய முழுங்கிட்டீங்களா? முழுங்கிடுங்க. ஆனா கையில துன்றதுக்கு ஏதாவது வெச்சிகினு கீறீங்கன்னா, அத்த கீழ வெச்சிட்டு அப்பால படிங்க. இந்தக் கத கொமட்டும்.

இப்ப ஊட்டுக்கு ஊடு கப்பு கேக்கு சுட்டு, மேல பூவு வெச்சி, போன்ல படம் போட்டுட்டு, "இன்னா வெல சொல்றதுன்னே தெரியல"ன்னு பொண்ணுங்க பொலம்புதுங்க. இந்தப் பொலம்பல கொமணன்சாவடி கெங்கம்மா வெள்ளக்காரன் காலத்துலயே பொலம்பிட்டா. யுத்தம் வர்றதுக்கு மின்னாடி.

கெங்கம்மா பெரம்பூர்ல ஒரு சட்டக்காரங்க ஊட்ல சமையலுக்கு இருந்தவ. சட்டக்காரங்கன்னா ஆங்கிலோ இந்தியருங்க, ரயில்ல வேல பாத்துகினு, பொம்பளைங்க கவுன் போட்டுகினு, வாரத்துக்கு ஒரு வாட்டி கேக்கு சுடுவாங்களே, அவங்க. அந்த தொரைக்கு ஜோலார்பேட்டைக்கு மாத்தலாச்சி. போவும்போது தொரசானி, குழி குழியா இருக்கிற கேக்கு தட்ட கெங்கம்மா கையில குடுத்துட்டு போயிட்டா.

புருசன் இல்லாதவ. நாத்தனா கன்னியம்மா ஊட்லதான் இருந்தா. கன்னியம்மா நசரத்பேட்ட சூளையில செங்கல் சொமக்கிறவ. கெங்கம்மா அவகிட்ட ஒன்னே ஒன்னுதான் சொன்னா: "இனிமே எவ ஊட்டு எச்சி தட்டும் தேய்க்க மாட்டேன். இந்தத் தட்ட வெச்சே பொழச்சிக்கிறேன். பொழைக்க முடியலன்னா, அப்ப பாப்போம்."

கேக்கு சுட அவளாண்ட அடுப்பு இன்னா அடுப்பு? மண்ணெண்ண டின்னுதான். கீழ கரி, மேல தகரம் மூடி அதும்மேல கரி. கையில இருந்த துட்ட பூராத்தையும் சக்கர, வெண்ணன்னு கொட்டிட்டா. முட்ட வெள்ளையில பொடிச்ச சக்கரய போட்டு கை கழண்டு போற வரைக்கும் அடிச்சி, பீட்ரூட்டு சாற உட்டு, எண்ணக் காயிதத்த கூம்பா சுத்தி, ஒவ்வொரு கேக்கு மேலயும் ஒரு ரோசாப்பூவு புழிஞ்சா. அசல் பூவு கெட்டுச்சி போ.

"சரக்குக்கே முக்காலணா ஆவுது. என் கைக்கு ஒரு காலணா. ஒரணா வெப்போம்"னா கெங்கம்மா.

"ஒரணாவா அண்ணி? ஒரணாவுக்கு சந்தையில நாலு பணியாரம் தரான்."

"அவன் பணியாரத்துல ரோசாப்பூ கீதா?"

"பூவ தலையில வெச்சிக்கலாம். வயித்துல எதுக்கு அண்ணி வெச்சிக்கணும்?"

"நீ கல்லு தூக்கறவ. உனக்கு எங்க தெரியப் போவுது."

"ஆமா, எனக்கு தெரியாது. சந்தைக்கு வர்ற சனத்துக்கும் தெரியாது. அத்த நெனச்சிக்கோ."

சூளைக்கு லீவு அன்னிக்கி. ரெண்டு பேருமா கூடைய தூக்கிகினு பூந்தமல்லி சந்தைக்கு போயி, வெல்லம் விக்கிற பூங்காவனம் பக்கத்துல குந்தினாங்க. பூங்காவனம் எந்நேரமும் வாயில எதையாவது போட்டு மென்னுகினே இருக்கிற ஆளு. அவன் சொன்னான்:

"புச்சா கடை போட்டுகீற. ருசி பாக்க உடும்மே. ருசி பாத்தாதான் வாங்குவான். சந்தை மொறயே அதான்."

கெங்கம்மாவுக்கும் அது ஞாயமாத்தான் பட்டுச்சி. மல்லாட்டய, அதான் வேர்க்கடலய, ஒடச்சி வாயில போட்டு பாக்கிறாங்க, புளிய நக்கி பாக்கிறாங்க, வெல்லத்த சில்லு பேத்து துன்னு பாக்கிறாங்க. "வாங்க, ருசி பாருங்க"ன்னு அவளே வாயால கூப்ட்டுட்டா. புச்சா ஏவாரம் பண்றவ, இன்னா தெரியும்? வெல்லத்துக்கு மூஞ்சி கெடையாது, எங்க பேத்தாலும் வெல்லம்தான். கேக்குக்கு மூஞ்சி கீதே.

மொதல்ல வந்தவ பூவுல ஒரு இதழ கிள்ளி வாயில போட்டா. "இனிச்சிகினு கீது. இன்னா வெல?" "ஒரணா." "அடி ஆத்தாடி"ன்னுட்டு பூட்டா. ரெண்டாவது வந்தவன் வேற கேக்குல கிள்னான். அப்பால ஊரே வந்துச்சி. எவனும் அடியில இருக்கிற கேக்க தொடல, எல்லாரும் பூவதான். வெத்தல போட்ட கெழவன் ஒருத்தன், எத்திராஜுன்னு பேரு, வெரல செவசெவன்னு இருந்த வாயில உட்டு நனச்சிகினு, அந்த வெரலாலேயே பூவ தொட்டு, திரும்ப வாயில உட்டு, திரும்ப அடுத்த பூவ தொட்டு பாத்தான். "அதுவும் இதுவும் ஒன்னாத்தான் கீது"ன்னு சாட்சி வேற. பொடி போடுற பொம்பள ஒருத்தி மூக்க சிந்தின கையோட ஒரு கேக்க எடுத்து திருப்பி திருப்பி பாத்துட்டு வெச்சா. இன்னொருத்தி இடுப்புல இருந்த கொழந்த வாயில முழு பூவயும் திணிச்சி, அது சப்பி துப்பினத தொடச்சி, கேக்கு மேலயே ஒட்ட வெச்சிட்டு, "கொழந்தைக்கு புடிக்கலம்மா"ன்னு சொன்னா. கஸ்மாலம்.

உச்சி வெயில் வர்றதுக்குள்ள கூடையில ஒரு கேக்குக்கும் பூவு இல்ல. அம்மத் தழும்பு மூஞ்சிங்க கணக்கா கெடந்துச்சிங்க. எச்சில் பட்ட எடமெல்லாம் சக்கர கரஞ்சி பிசுபிசுன்னு, அதும்மேல ஈ. ஒன்னு கூட விக்கல. கெங்கம்மா முந்தானையால ஈய வெரட்டிகினே பொலம்புனா, இவ்ளோ பேரு எச்சியயும் நம்ம கையாலேயே ஏந்திகினு குந்தினு கீறோமேன்னு.

கன்னியம்மா கூடைய எட்டிப் பாத்தா. "அண்ணி, மேல புச்சா ஒரு பூவ புழிஞ்சிட்டா எவனுக்கு தெரியப் போவுது? அடுத்த சந்தைல தள்ளிடலாம்."

"உள்ள எச்சி கீதே."

"உள்ள இருக்கறத எவன் பாக்கறான்?"

அப்பதான் வண்டிய நிறுத்திட்டு கோதண்டம் வந்தான். நசரத்பேட்ட சூளை மொதலாளி. குனிஞ்சி கூடைய பாத்தான். கைய வெக்கல, அதுல மட்டும் சமத்து.

"இது ஒன்னும் வெல போவாது. ஒன்னு காலணான்னு போட்டு கூடையோட குடுத்துடு. சூளையில பூஜ போடுறோம், வேலக்காரங்களுக்கு ஏதாவது இனிப்பு தரணும். பாதி பாதியா நறுக்கி குடுத்துடுவேன்."

"மொதலாளி, இது எல்லாம் ஊரு சனம் நக்கினது."

"தெரியுது. அதான காலணா. நல்லதா இருந்தா ஒரணா குடுக்க மாட்டேனா? பூஜைக்கு பெரிய மனுசங்க வராங்க, அவங்களுக்கு நூறு கேக்கு தனியா சுட்டு குடு, இதே பூவு வெச்சி. ஒன்னுக்கு ஒரணாவே தரேன். ஆனா இந்தக் கூடைய குடுத்தாதான் அது. ரெண்டும் சேந்த பேச்சி."

"வேலக்காரங்க மட்டும் எச்சிய துன்னலாமா?"

"செங்கல் தூளு போற வாய்தான அது. அவங்களுக்கு இன்னா தெரியும்?"

கன்னியம்மா அவன் கண்ணு மின்னாடிதான் நின்னுகினு இருந்தா. வருசக் கணக்கா அவன் சூளையில தலையில கல்லு சொமந்த பொம்பள. அவன் அவள அடையாளம் கூட கண்டுக்கல. இவ்ளோ நேரம் எவனுக்கு தெரியப் போவுதுன்னு பேசுனவ, எத்திராஜ் கெழவன் வெரல நெனச்சாளோ, அந்தக் கொழந்த துப்புனத நெனச்சாளோ, முந்தானைய எடுத்து வாய பொத்திகினா.

நூறு கேக்கு, ஒன்னு ஒரணா. அது கைக்கு வந்தா கெங்கம்மா எவ ஊட்டு தட்டையும் தொட வேணாம். அது அவளுக்கும் தெரியும். கன்னியம்மாவயும் பாத்தா, கூடையயும் பாத்தா. அப்பால எழுந்து, கூடைய இடுப்புல வெச்சிகினு போயி, சந்தைக்கு பின்னால சாக்கடையாண்ட உருண்டுகினு இருந்த பன்னிங்களுக்கு மொத்தத்தையும் கவுத்தா. பன்னிங்க ருசி பாக்கல, வெல கேக்கல, துன்னுச்சிங்க.

"பைத்தியக்காரி"ன்னான் கோதண்டம். வண்டியேறி பூட்டான். நூறு கேக்கும் அதோட பூடுச்சி.

சூளை பூஜைக்கு அந்த வருசம் பொரிதான் குடுத்தாங்களாம். அத்தயும் கன்னியம்மா மோந்து பாத்துட்டுதான் துன்னாளாம்.

அடுத்த சந்தைக்கு, கோழிய வித்த துட்டுல கொஞ்சமா சுட்டுகினு வந்தா கெங்கம்மா. கூடைய மெல்லிசு துணியால மூடிட்டா. ஒரே ஒரு கேக்க மட்டும் பொடிப் பொடியா நறுக்கி எலையில வெச்சிகினா. கேட்டவங்களுக்கு தொன்ன தைக்கிற ஈர்க்குச்சியால ஒரு துணுக்க குத்தி, மேல இருந்து கையில போட்டா. அந்த ஒரு கேக்கு வெலயயும், நாள் பூரா வெரலுங்கள வெரட்டுற கூலியயும் மத்தது மேல ஏத்தி, ஒன்னேகாலணான்னு சொன்னா.

"போன வாரம் ஒரணா, இந்த வாரம் ஒன்னேகாலணாவா? ஏமே, கொள்ளையா அடிக்கிற?"ன்னு கேட்டான் பூங்காவனம்.

"போன வாரம் உங்க வாய்க்கு நான் வெல போடல. இந்த வாரம் போட்டுகீறேன்."

எத்திராஜ் கெழவன் வந்தான். துணிய நகத்திட்டு, அதே வெரல நனச்சிகினு நீட்டுனான். பூவுல பட்டுச்சி. கெங்கம்மா அவன் மணிக்கட்ட புடிச்சா.

"தொட்டுட்ட. எட்து துன்னு. ஒன்னேகாலணா."

"ருசிதான பாத்தேன்."

"ருசிக்கு எல கீது. பூவ தொட்டா அது உன்னுது."

சுத்தி நின்னவங்க சிரிச்சாங்க. கெழவன் மொறச்சிகினே இடுப்புல இருந்து துட்ட எடுத்தான். வாயில இருந்த வெத்தலய அங்கயே துப்பிட்டு, கேக்க முழுசா உள்ள தள்ளி, மீசையில சக்கர ஒட்ட, வாயத் தொறந்து வெச்சிகினே மென்னான். "நல்லாத்தான்டி கீது. இன்னொன்னு குடு"ன்னான்.

மொத ஏவாரம் அது. கெங்கம்மா அவன் மூஞ்சிய பாக்க முடியாம வேற பக்கம் திரும்பிகினா. அவன் குடுத்த காசு ஈரமா இருந்துச்சி. அத்த சொம்புத் தண்ணியில போட்டு அலசி, தொடச்சி, அப்பால முந்தானையில முடிஞ்சிகினா.

நீங்க ஊட்ல சுட்டு விக்கிறவங்களா? உங்க சரக்குல எவன் எவன் வெரல வெச்சான், அதுக்கு நீங்க இன்னா வெல போட்டீங்கன்னு கீழ எழுதுங்க. கூசாம எழுதுங்க. நான் சாப்ட்டு முடிச்சிட்டுதான் படிப்பேன்.