டிரம்பெட்டுக்குப் பக்கவாத்தியம்

அந்த ஞாயிற்றுக்கிழமை தாராவியில், அபுதாஹிரின் தோல் பை பட்டறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். வெட்டுமேசையைத் துடைத்து, போர்வை விரித்து, அதன்மேல் சம்மணம் போட்டு என் மனைவி செண்பகவல்லி. வயலினின் தலை அவள் வலது பாதத்தில். எதிரே தையல் மெஷின் ஸ்டூலில், டிரம்பெட்டுடன் கோவாக்காரர் லாரன்ஸ். கல்யாண வீடுகளிலும் ஹோட்டல்களிலும் வாசிக்கும் பாண்டு அவருடையது. தோல்கட்டின் மேல் டோலக்கோடு எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரரான அபுதாஹிர். உள்வாசலில் அவர் மனைவி நஸீரா. கதவோரம் ஒரு காலித் தேயிலைப் பெட்டியின் மேல் நான், பிரம்மநாயகம், ரயில்வே ஆபீஸ் கிளார்க்.

இந்த விவரங்களெல்லாம் என் மாமனார் கேட்டவை. தென்காசியில் மகளுக்குத் தானே வயலின் சொல்லிக்கொடுத்தவர். லாரன்ஸ் பாண்டில் சேர அவள் ஆசைப்படுகிறாள் என்று எழுதியிருந்தேன். "ஒருநாள் வாசித்துப் பார்க்கட்டும். கூட இருந்து உள்ளது உள்ளபடி எழுதுங்கள், மாப்பிள்ளை. சங்கீதத்துக்குக் குறைச்சல் என்று பட்டால் வயலினைப் பார்சலில் அனுப்பிவிடவும். அது என் வயலின்" என்று பதில் வந்தது. அவளிடம் வேறு வயலின் கிடையாது.

லாரன்ஸ் துள்ளலாக ஒரு வரி ஊதிவிட்டு, 'நீ வா' என்று கைகாட்டினார். செண்பகவல்லி அதே வரியைச் சுரம் பிசகாமல் திருப்பி வாசித்தாள். அவர் புருவத்தைத் தூக்கினார். வேறொன்று ஊதினார். அதையும் அப்படியே வாசித்தாள். அடுத்ததை வேண்டுமென்றே முறுக்கி, வளைத்து, மூச்சு முட்ட ஊதினார். அதுவும் முறுக்கு அவிழாமல் திரும்பி வந்தது. லாரன்ஸ் டிரம்பெட்டை மடியில் வைத்துவிட்டு இந்தியில் பொரிந்து தள்ளினார்.

"என்ன சொல்லுதாரு?" என்றாள் செண்பகவல்லி.

"நீ அவருக்குப் பழிப்புக் காட்டுதியாம் தங்கச்சி," என்றார் அபுதாஹிர். "கேள்வி கேட்டா பதில்லா சொல்லணும், கேள்வியவே திருப்பிக் கேக்காளேங்காரு."

"அய்யய்யோ! பாடுதவங்க பாடினத அப்படியே வாசிக்கதுதான எங்களுக்கு மரியாத? பக்கவாத்தியம்னா பின்ன என்ன?"

அபுதாஹிர் அதை இந்தியில் எடுத்துச் சொன்னார். நஸீரா முக்காட்டுக்குள் சிரித்தாள்.

"எங்க வீட்டு மனுசனும் இருக்காரே! நான் ஒண்ணு சொன்னா ஒம்பது சொல்லுவாரு. அவரப் பக்கவாத்தியத்துக்குச் சேத்துக்கிடாத."

லாரன்ஸுக்கும் கோபம் போய்விட்டது. "அச்சா, நீ முன்னால வாசி. நான் பக்கவாத்தியம்" என்கிறார் என்று அபுதாஹிர் சொன்னார்.

செண்பகவல்லி மோகன ராகத்தில் ஒரு பிடி வாசித்தாள். சாதாரணப் பிடிதான், ஆனால் காந்தாரத்தில் ஓர் அசைவு. லாரன்ஸ் கன்னம் உப்ப ஊதினார். வாத்து கத்தியது. மறுபடியும் வாத்து. பிறகு பொத்தானைப் பாதி அழுத்தி, உதட்டைச் சுழித்து ஊதியதில் ஏறக்குறைய வந்துவிட்டது. அபுதாஹிர் டோலக்கில் ஒரு போடு போட்டார்.

அதன்பின் அவள் எதையும் திருப்பி வாசிக்கவில்லை. லாரன்ஸ் விட்ட இடத்தில் இவள் தொடங்கினாள். அபுதாஹிர் கவ்வாலி நடையில் தட்டினார். மூவருமாக எங்கெங்கோ போய்வந்தார்கள். அதற்கு என்ன பெயரென்று எனக்குத் தெரியாது. கால் மட்டும் தானாகத் தாளம் போட்டது.

சனிக்கிழமை மாஹிமில் ஒரு கல்யாணம், பாண்டுக்காரர் கோட்டெல்லாம் வேண்டாம், புடவையிலேயே வரலாம் என்றார் லாரன்ஸ்.

செம்பூர் வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன். வாத்து வந்த இடத்தில் பேனா தயங்கியது.

"அதையும் எழுதுங்க அத்தான். அப்பா சிரிப்பாங்க."

"குறைச்சலான்னு கேட்டிருக்காரே, அதுக்கு என்ன எழுத?"

பேனாவைப் பிடுங்கி அவளே எழுதினாள்: "அப்பா, குறைச்சல் ஒன்றும் இல்லை. எனக்குத்தான் பதில் சொல்லத் தெரியாமல் இருந்தது. இன்று கொஞ்சம் தெரிந்தது. வயலினை அனுப்ப முடியாது, சனிக்கிழமைக்கு வேண்டும். பஞ்சமக் கம்பி தேய்ந்திருக்கிறது. நல்லதாகப் பார்த்து ஒன்று அனுப்பவும்."

நான் வாய் திறப்பதற்குள் கவரை ஒட்டி, ஸ்டாம்பை அழுத்தி, கீழே இறங்கிப்போய்த் தபால்பெட்டியில் போட்டுவிட்டாள்.