முன்னால் இழுத்த சீட்

எக்ஸ்கவேட்டரின் அடிவயிற்றுக்குக் கீழே மல்லாந்து கிடந்த எலக்ட்ரீசியனின் நெற்றியில் பழைய கிரீஸ் ஒரு சொட்டு விழுந்தது. துடைக்கக் கை காலியாக இல்லை. ஒன்றில் மீட்டர், மற்றதில் வயர்க் கட்டு.

தண்ணீர்க் குழாயோடு நின்ற மச்சான் குனிந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன மாப்ள, பேய் சிக்குச்சா?"

"எங்க மச்சான்? மீட்டர் அறுபதுலயே நிக்குது. அறுபது காட்டுனா லைன் நல்லாருக்குன்னு அர்த்தம். உங்க வண்டி என்னைப் பைத்தியமாக்காம விடாது."

"என் வண்டியா? முதலாளி காதுல விழப் போகுது" என்று சொல்லிவிட்டு மச்சான் வண்டியின் சங்கிலிப் பட்டையில் ஒட்டியிருந்த மண்ணைக் கழுவப் போனார். ஆனால் அது அவருடைய வண்டிதான். போன வாரம் ஒரு கம்பெனி தள்ளிவிட்ட பழைய வண்டிகள், வாங்கி விற்கிற இந்த யார்டுக்கு வந்து இறங்கியபோது, பக்கெட்டின் ஓரத்தில் தான் வைத்த வெல்டிங் தழும்பைப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டார். அன்று மதியம் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தக் கம்பெனியில், அந்த வண்டியில்தான் அவர் வருஷக்கணக்காக ஆப்பரேட்டராக இருந்தார். புதைந்து கிடக்கும் தண்ணீர்க் குழாயைச் சுற்றி மண்ணை மட்டும் பக்கெட்டால் வழித்தெடுக்கத் தெரிந்த கை. கடைசி வருஷம் என்ன ஆனதோ, வேலை நடுவில் திடீரென்று திரையில் 'தொடர்பு இல்லை' என்று வரும், இன்ஜின் முனகி அடங்கும், வண்டியின் தூக்கிய கை அந்தரத்தில் நிற்கும். மெக்கானிக் வந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. வேறு ஆளை ஏற்றினார்கள், நாள் முழுக்க ஓடியது. வண்டியில்தான் கோளாறு என்று மச்சான் சொன்னதற்கு, "ஆடத் தெரியாதவன் கூடம் கோணல்னானாம்" என்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் சிரித்தார். வண்டியை நிறுத்திவிட்டு இவர் சும்மா உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்றும் சொன்னார். வேலை போயிற்று. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அந்த ஆள் ஏறினால் வண்டி நிற்கும் என்ற பேச்சு இவருக்கு முன்னால் ஒவ்வொரு சைட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. எலக்ட்ரீசியன்தான் யார்டு முதலாளியிடம் கெஞ்சி, மனைவியின் அண்ணனுக்கு வண்டி கழுவுகிற வேலையாவது வாங்கிக் கொடுத்தான்.

முதலாளி கெட்டவர் இல்லை. "கோளாறு வண்டியிலதான்னு கண்டுபிடிச்சுக் குடு. உன் மச்சானுக்காக நானே கம்பெனிக்குப் போன் பண்ணிப் பேசுறேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். வண்டியை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் சாயங்காலம் வருகிறார்கள். அதற்குப் பிறகு வண்டி கையில் இருக்காது.

வண்டிக்குள் மூன்று பெட்டிகள். இன்ஜினுக்கு ஒன்று, பம்புக்கு ஒன்று, ஆப்பரேட்டர் முகத்துக்கு நேரே திரையாக ஒன்று. ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு வயர்களின் வழியாகத்தான் மூன்றும் பேசிக்கொள்ளும். அந்த வயர்கள் போகிற வழியெல்லாம் எலக்ட்ரீசியன் தடவிப் பார்த்துவிட்டான். கனெக்டர்களைக் கழற்றிப் பச்சை பிடித்த பின்களைத் துலக்கினான். மணிக்கணக்காக ஓட்டியும் பார்த்தான். வண்டி ஒரு தும்மல்கூடப் போடவில்லை.

அவன் கீழேயிருந்து நகர்ந்து வெளியே வந்தான்.

"மச்சான், குழாயை வெச்சுட்டு ஏறுங்க. நீங்க லிவரை ஆட்டுங்க, நான் வெளிய நின்னு வயரைப் பாக்குறேன்."

"வேணாம் மாப்ள. என் கை பட்டா நின்னுரும்."

"நிக்கட்டும். நிக்கணும்னுதானே நானும் தவம் கிடக்கேன்."

"தங்கச்சி காதுல விழுந்தா ரெண்டு பேரையும் சேர்த்துத் திட்டுவா" என்று முனகியபடியே மச்சான் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். ஏறியதும் கை தானாகச் சீட்டுக்குக் கீழே போய், அதைக் கடைசிப் பல் வரை முன்னால் இழுத்தது. இழுக்காவிட்டால் அவர் கால் பெடலுக்கு எட்டாது. சாவியைத் திருப்பினார். இன்ஜின் பிடித்தது. வண்டியின் கை மெல்ல எழுந்து, மறந்தவன் ஞாபகப்படுத்திக்கொள்வது போல ஒரு கணம் தயங்கி, பிறகு அழகாக வளைந்தது. எலக்ட்ரீசியனுக்குப் பெருமையாக இருந்தது.

திரையில் 'தொடர்பு இல்லை' என்று வந்தது. இன்ஜின் முனகியது. வண்டியின் கை பாதியில் நின்றது.

மச்சான் லிவரிலிருந்து இரண்டு கையையும் எடுத்துக்கொண்டார்.

"பாத்தியா? நான்தான் மாப்ள. வண்டி மேல தப்பே இல்ல."

"இறங்காதீங்க! ஆடாம அசையாம அப்படியே இருங்க!"

எலக்ட்ரீசியன் ஒரே தாவலில் படியேறி, சாவியைத் திருப்பி அணைத்து, கனெக்டரில் மீட்டர் முனையைக் குத்தினான். அறுபது இல்லை. கிட்டத்தட்டப் பூஜ்யம். இரண்டு வயரும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

"இப்ப மெதுவா எழுந்திரிங்க."

மச்சான் எழுந்தார். அப்போதும் பூஜ்யம். எலக்ட்ரீசியன் உட்கார்ந்து, நெட்டைக் கால் இடிக்கிறதே என்று வழக்கம்போல் சீட்டைப் பின்னால் தள்ளினான். அறுபது. முன்னால் இழுத்தான், பூஜ்யம். தள்ளினான், அறுபது.

இருவரும் சேர்ந்து சீட்டைக் கழற்றினார்கள். தரைவிரிப்புக்கு அடியில் சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. வண்டி எங்கே போகிறது, எப்போது ஓடுகிறது, எவ்வளவு நேரம் சும்மா நிற்கிறது என்று ஆபீசுக்குச் சொல்கிற பெட்டி. அதை மாட்டினவனுக்கு என்ன அவசரமோ, பேசுகிற இரண்டு வயரின் தோலையும் உரித்து, அங்கேயே முறுக்கி, ஒரு சுற்று டேப்போடு விட்டிருந்தான். டேப் நைந்துவிட்டது. சீட் கடைசிப் பல் வரை வந்தால், சீட்டுக்கு அடியில் நகரும் தண்டவாளத்தின் விளிம்பு இரண்டையும் சேர்த்து நசுக்கியது.

"ஒருநாள் சர்வீஸ்னு வந்து சீட்டைக் கழட்டுனானுங்க" என்றார் மச்சான் மெதுவாக. "அதுக்கப்புறந்தான் நிக்க ஆரம்பிச்சுது. என்னமோ மாட்டியிருக்கானுங்கன்னு எனக்குத் தெரியாது."

"வண்டியை நிறுத்துனதும் இதுதான். நீங்க நிறுத்திட்டீங்கன்னு சாட்சி சொன்னதும் இதேதான் மச்சான்."

மச்சான் பெட்டியைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அப்போ இன்னும் நாலு விரக்கடை வளர்ந்திருந்தா என் வேலை போயிருக்காது?"

"உங்கப்பாம்மாவைத்தான் கேக்கணும்."

சிரிப்பு எங்கே அழுகையானது என்று எலக்ட்ரீசியனுக்குத் தெரியவில்லை. கிரீஸ் கையோடு அவர் தோளை அணைத்துக்கொண்டான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதைக் கேட்டிருக்கிறான், அதன் கனத்தை அன்றுதான் தோளில் உணர்ந்தான்.

பெட்டியை அறுத்தெடுத்து, வயர்களைச் சரியாக இணைத்து முறுக்கி, உறை போட்டான். மச்சான் சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டு யார்டை மூன்று சுற்று சுற்றினார். நிற்கவில்லை. கழுவுகிற இடத்திலிருந்த ஆட்கள் கை தட்டினார்கள்.

முதலாளி சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். கம்பெனிக்குப் போன் பண்ணி, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். சூப்பர்வைசர் பொறுமையாகக் கேட்டார்.

"வயர்தானா? அட" என்றார். "பெட்டி நல்லா இருக்கா?"

"பெட்டி இருக்கட்டும். ஆளைப் பத்திச் சொல்லுங்க. ஒரு நல்ல மனுஷன் மேல அநியாயமாப் பழி போட்டுட்டீங்களே?"

"அந்த இடத்துக்கு எப்பவோ ஆள் போட்டாச்சுங்க. பழசை எதுக்குக் கிளறிக்கிட்டு? அந்தப் பெட்டியை மட்டும் மறக்காம அனுப்பி வைங்க. கம்பெனிச் சொத்து, கணக்குல இருக்கு. வேற வண்டிக்கு வேணும்."

முதலாளி யார் முகத்தையும் பார்க்காமல் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் வாங்குகிறவர்களின் ட்ரெய்லர் லாரி வந்தது. ஆப்பரேட்டர் அவர்களிடமே இருக்கிறார். ஏற்றிக் கொடுப்பது மட்டும் யார்டின் பொறுப்பு. மச்சான்தான் ஏற்றினார். சரிவுப் பலகையில் ஒரு உதறல்கூட இல்லாமல் வண்டி ஏறி நின்றது.

லாரி டிரைவர் கம்பெனி வாசல் வழியாகத்தான் போகிறாராம், பெட்டியைக் கொடுத்துவிடுகிறேன் என்றார். "ஆனா என் கேபின்ல இடமில்ல. மேல வண்டியிலயே வெச்சுருங்க. உருண்டு உடையாமப் பாத்துக்கங்க, அப்புறம் என் தலை உருளும்."

"குடுங்க மச்சான், நான் வெக்கிறேன்" என்று எலக்ட்ரீசியன் கை நீட்டினான். மச்சான் கொடுக்கவில்லை. சட்டை நுனியால் பெட்டியைத் துடைத்து, அறுந்த வயர்களை மடக்கிக் கட்டி, தானே மேலே ஏறினார். அதைத் தன் சீட்டின் நடுவில் வைத்தார். ஆட்டிப் பார்த்தார், ஆடியது. சீட் பெல்ட்டை இழுத்து அதன் குறுக்கே மாட்டி, இறுக்கிவிட்டு, கதவைச் சாத்தி இறங்கினார்.