அன்னம் போட்ட கரை

சந்தன நிறப் பட்டுப் புடவையை மேசைமேல் விரித்து முந்தானைப் பக்கம் கத்தரியை வைத்தபோது அன்வரி பேகம் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி. பல வருஷமாக எனக்கு எதிரே உட்கார்ந்து ஒட்டுப் போர்வைகளுக்கு நூலோட்டுகிறவள். "பட்டும் பருத்தியும் ஒரே ரஜாய்ப் போர்வையில ஒத்துப் போகாதுக்கா. ஒண்ணு சுருங்கும், ஒண்ணு சுருங்காது. அப்புறம் மூஞ்சியக் கோணிக்கினு கெடக்கும்" என்றாள். கோணட்டும் என்றேன். முதல் வெட்டு சுலபமாகப் போகவில்லை. நல்ல பட்டு. ஜரிகை கத்தரியின் வாயில் சிக்கி நறநறவென்றது.

அது என் தம்பி மகள் கயலின் நிச்சயதார்த்தப் புடவை. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஆழ்வார்பேட்டை ஷீலா தன் மகன் மதிவாணனுக்கு எங்கள் வீட்டில் பெண் எடுப்பதாகத் தட்டில் வைத்துக் கொடுத்தது. கரை முழுக்க ஜோடி அன்னம். காஞ்சிபுரத்தில் சொல்லி நெய்ய வைத்ததாக மண்டபத்தில் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் சொன்னாள். பிறகு வளையல் போடக் கயலின் கையைப் பிடித்தாள். கயல் அப்போதே அவுரிச் சாயத் தொட்டியில் வேலை பழகிக்கொண்டிருந்தாள். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணிலிருந்து நீலம் போகாது. அந்தக் கையைத் தூக்கிச் சபைக்குக் காட்டி, "என்னம்மா இது, பெயிண்ட் அடிக்கிறவன் கை மாதிரி இருக்கு" என்றாள் ஷீலா. மண்டபம் சிரித்தது. சம்பந்தியம்மா கேலி பேசும்போது முகம் சுளிக்கக் கூடாது என்று என் தம்பி கங்காதரனும் கூடச் சேர்ந்து சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. அவனையல்ல, அதை அவன் வாயில் வரவழைத்தவளை.

அடுத்த வாரமே சம்பந்தம் வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டார்கள். புடவையைத் திருப்பிக் கொண்டுவந்து தருகிறேன் என்று நான்தான் பேசினேன். "அது கிடக்கட்டும். உங்க தொட்டியில முக்கி ஏதாவது பண்ணிக்கோங்க" என்று ஷீலா போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு கங்காதரன் எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை. சாகிறவரைக்கும் போகவில்லை.

இப்போது, கயலின் துணிகளை விற்கிற தி.நகர் கடையிலிருந்து போன் வந்தது. கொட்டிவாக்கத்தில் மகன் வாங்கிய புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசமாம். கட்டிலுக்கு இயற்கைச் சாயத்தில் பெரிய போர்வை கேட்கிறார்களாம், ஆழ்வார்பேட்டைக்காரர்கள். பெயரைக் கேட்டதும் நானே தைத்துத் தருகிறேன் என்றேன். கயலிடம் பெயரை மட்டும் சொல்லவில்லை.

மாதுளை ஓட்டில் போட்ட மஞ்சள், மஞ்சிட்டிச் சிவப்பு, கடுக்காய்க் கருப்பு, எல்லாப் பருத்தித் துண்டும் மொட்டைமாடியில் கயல் சாயம் ஏற்றியவை. பட்டை மட்டும் நான் அவுரியில் முக்கினேன், ஷீலா சொன்னபடியே. சந்தன நிறத்தின்மேல் நீலம் ஏறிப் பாசிப் பச்சையாக எழுந்தது. ஜரிகைக்குச் சாயம் பிடிக்காது. அன்னங்கள் கொஞ்சம் மங்கினாலும் கலையாமல் நின்றன. போர்வையின் நடுவில், யார் கண்ணும் முதலில் விழுகிற இடத்தை அவற்றுக்கு ஒதுக்கினேன். கிரகப்பிரவேசத்துக்கு வருகிற உறவெல்லாம் படுக்கையறையை எட்டிப் பார்க்கும். அன்றைக்கு மண்டபத்தில் சிரித்தவர்களில் ஒருத்திக்காவது கரை ஞாபகம் வரும். ஷீலா முகத்தை எங்கே வைத்துக்கொள்வாள் என்று நினைத்தபடியே ஒவ்வொரு தையலையும் இழுத்தேன்.

தைக்க எடுக்குமுன்பே, கொடியில் காய்ந்த பட்டுத் துண்டைக் கயல் பார்த்துவிட்டாள். யாருக்கு என்று கேட்டாள். சொன்னேன். கொஞ்ச நேரம் ஓர் அன்னத்தின் கழுத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"அத்தே, நம்ம சாமான எடுக்கிறது அந்தக் கடை ஒண்ணுதான். விஷயம் தெரிஞ்சா நாளைக்கே நிறுத்திடுவாங்க. நான் தொட்டிய எல்லாம் கவுத்து வெச்சிட்டுப் போக வேண்டியதுதான்."

"கவுத்து வெப்போம்."

"நீ சுலபமா சொல்லிட்டே. கை நீலமானது எனக்கு."

"மானம் போனது உங்கப்பனுக்கு" என்றேன்.

கயல் கீழே இறங்கிப் போனாள். ஆனால் பட்டைக் கொடியிலிருந்து எடுக்கவில்லை. அதைச் சம்மதமாக வைத்துக்கொண்டேன்.

போர்வையைக் கடைக்கு அனுப்பவிருந்த அன்று, தானே பார்த்து எடுத்துப்போவதாகக் கடையில் விலாசம் வாங்கிக்கொண்டு ஷீலா வந்து நின்றாள். இதை நான் எதிர்பார்க்கவில்லை. படியேறி வந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது. நாற்காலி போட்டேன். தண்ணீர் கொடுக்கவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்கள எங்கயோ பார்த்திருக்கேனே?"

"மயிலாப்பூர்லதான இருக்கேன். பார்த்திருப்பீங்க."

கயல் போர்வையைக் கொண்டுவந்து கட்டில்மேல் விரித்தாள். ஷீலா போர்வையைப் பார்க்குமுன் அவள் கையைத்தான் பிடித்தாள். இந்தக் கையாலா இத்தனை கலரும் என்று வியந்தாள். தன் மருமகள்கூட இப்போது இந்தச் சாய வேலை கற்றுக்கொள்ள அடையாறில் வகுப்புக்குப் போகிறாளாம், நகத்தில் நீலத்தோடு எடுத்த போட்டோவை எல்லோருக்கும் அனுப்புகிறாளாம். கயல் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மூலையில் உட்கார்ந்திருந்த அன்வரி குனிந்த தலையை நிமிர்த்தாமல் நூல் கோக்காத ஊசியால் துணியைக் குத்திக்கொண்டிருந்தாள்.

பிறகு ஷீலாவின் விரல் நடுவுக்கு வந்தது. நான் முதுகை நிமிர்த்தி நின்றேன்.

"அட, இதே மாதிரி அன்னம் நாங்ககூட ஒரு தடவை சொல்லி நெய்ய வெச்சோம். யாருக்கோ... ஞாபகம் வரல."

யாருக்கோ. அந்த யாரோ அவளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றிருந்தாள்.

ரொம்பப் பிடித்திருக்கிறது, மடித்துக் கொடுங்கள், கார் கீழே நிற்கிறது என்றாள். அவ்வளவு பெரிய போர்வையை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. மறுமுனைக்குக் கயல் வந்தாள். அவளை விலகச் சொல்லிவிட்டு, "நீங்களே அந்தப் பக்கம் பிடிங்க" என்றேன் ஷீலாவிடம். சிரித்துக்கொண்டே பிடித்தாள். உதறி, முனையோடு முனை சேர்த்தோம். ஒவ்வொரு மடிப்புக்கும் அவள் என்னை நோக்கி நடந்துவர வேண்டியிருந்தது. நான் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் கயல் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தாள்.

கடைசி மடிப்பில் முகத்துக்கு முகம் வந்தோம். அவள் பவுடர் வாசனை அடித்தது.

"கங்காதரன் பொண்ணுக்கு நீங்க குடுத்த பட்டுதான் அது" என்றேன். "தொட்டியில முக்கச் சொன்னீங்க. முக்கிட்டோம்."

சிரிப்பு அவள் உதட்டிலேயே நின்றது, கண்ணிலிருந்து மட்டும் போய்விட்டது. கீழே கார்க்காரர் ஒருமுறை ஹாரன் அடித்தார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை. அவள் தன் முனையை விடவில்லை, நானும் விடவில்லை. நடுவில் போர்வையின் கனம் தாழ்ந்துகொண்டே வந்து எங்கள் இருவர் கால்விரல்களின் மேலும் படிந்தது.