வளராத பிள்ளைகள்

ஒஸ்லோவில் ஓர் உதவி நிறுவனத்தில் மரியமலருக்கு வேலை. மலாவி ஏரிக்கரைப் பள்ளிக்கூடங்களின் பதிவேடுகளைக் கணினியில் ஏற்ற வேண்டும். அந்த ஏரியின் நத்தைகளிலிருந்து வெளிவரும் புழு, குளிக்கும் பிள்ளைகளின் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். சிறுநீரில் இரத்தம் வரும். அதற்கு ஆண்டுக்கொரு முறை மாத்திரை கொடுப்பார்கள். தராசு இல்லாததால் பள்ளிச் சுவரில் கோடுகள் கீறி, உயரத்தைப் பார்த்தே எத்தனை மாத்திரை என்று முடிவு செய்வார்கள்.

2007ஆம் ஆண்டுப் பதிவேடு ஒன்றில் அவளுடைய விரல் நின்றது. நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளில் ஒருவருக்கும் போன வருடத்தைவிட அரை மாத்திரைகூடக் கூடவில்லை. மூன்றில் ஒருவராவது அடுத்த கோட்டைத் தொட்டிருக்க வேண்டாமா? பழைய பட்டியலைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தாள். அடியில் ஞானசேகரனின் கையெழுத்து இருந்தது. அலுவலகத்தில் பக்கத்து அறையில் இருக்கும் மதுரைக்காரன். வசந்தத்தில் மாத்திரை கொடுப்பதைப் பார்வையிட அங்கே போய் வந்தவன்.

யாருக்கும் சொல்லாமல் பிரதி எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். வீடு இருக்கும் ரொம்சோஸுக்குப் போகும் ரயிலில் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டு நாள் அவனோடு கோப்பி குடிக்கப் போகவில்லை. மூன்றாம் நாள் கேட்டேவிட்டாள்.

“தம்பி, நீங்கள் உண்மையா அங்கை போனனீங்களோ?”

“மூணு நாள் இருந்தேன், அக்கா. மாத்திரை முழுங்கினதைக் கண்ணால பார்த்தேன்.”

“அப்ப பிள்ளையள் ஏன் வளரேல்லை?”

அவன் அந்தப் பள்ளித் தலைமையாசிரியருக்கு எழுதி, பிள்ளைகளை அளக்கும் சுவரின் படம் கேட்டான்.

நான்கு நாளில் படம் வந்தது. கோடு கீறிய வெளிச்சுவரை ஒட்டி இரண்டு பிள்ளைகள் வெறுங்காலோடு நின்றார்கள். சுவரின் பூச்சு முடிந்த இடத்துக்குக் கீழே, நாலு விரல் அகலத்துக்கு அத்திவாரக் கல் வெளியே தெரிந்தது.

“மழைக்கு மண் அரிச்சுப் போச்சு,” என்றாள் மரியமலர். “பிள்ளையள் வளர்ந்துதான் இருக்கினம். பள்ளத்திலை நிண்டதாலை கோடு எட்டேல்லை. மாத்திரைதான் குறைச்சுக் குடுத்திருக்கு.”

ஞானசேகரன் நெற்றியைப் பிடித்துக்கொண்டான். “நானும் அங்கதான் நின்னேன். கவனிக்கவே இல்ல.”

தரையில் நிறுத்தும் அளவுகோலால் மறுபடி அளக்கச் சொன்னார்கள். முப்பத்தேழு பிள்ளைகளுக்கு மாத்திரை போதாமல் போயிருந்தது. அவர்களுக்குச் சரியான அளவில் திரும்பக் கொடுத்தார்கள்.

“உங்களைப் பிழையா நினைச்சிட்டன்,” என்றாள்.

“பரவாயில்லக்கா,” என்றவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் மேசைக்குத் திரும்பினாள். இன்னும் பதின்மூன்று பள்ளிகளின் பதிவேடுகள் இருந்தன. அவற்றின் சுவர்ப் படங்களும் வேண்டுமென்று அவனுக்கே எழுதினாள்.