முதல் விலைக்குப் படியாதவர்

ஆஸ்திரேலியாவின் போர்ட் அகஸ்டாவில், காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் வீடுகளான பழைய கேரவன்களை வாங்கி விற்கும் மெர்வினிடம், முதலில் கேட்ட விலைக்கு யாரும் எதையும் இழுத்துக்கொண்டு போனதில்லை. "அந்த விலைக்குச் சக்கரம் மட்டும்தான் வரும்" என்று சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆள் வாசல்வரை போய்த் திரும்பி வருவான். வராதவன் வாங்க வந்தவனே இல்லை என்பது அவர் சித்தாந்தம்.

மனைவி லோர்னா இறந்தபின் வந்த முதல் ஈஸ்டர். வருஷம் தவறாமல் போகும் ஃப்ளிண்டர்ஸ் மலையிடுக்கில்தான் முகாம். அடிலெய்டிலிருந்து மகள் ட்ரூடி, கணவன் கீரனோடும் சிறுமி டில்லியோடும் வந்திருந்தாள். மெர்வின் பழக்க தோஷத்தில் நெருப்பைச் சுற்றி ஐந்து நாற்காலிகளை விரித்துவிட்டார். ஐந்தாவதை யாரும் மடக்கவில்லை. அதில் யாரும் உட்காரவும் இல்லை.

சாப்பிட்டு முடித்து டில்லி கூடாரத்துக்குள் போனதும் ட்ரூடி கேட்டாள்.

"அந்த வீட்ல தனியா என்னதான்ப்பா பண்றே?"

"தனியாவா? ஃப்ரிட்ஜ் ஓயாம பேசிக்கிட்டிருக்கு. வாயை மூடுன்னாலும் கேக்கமாட்டேங்குது."

கீரன் சிரித்தான். ட்ரூடி சிரிக்கவில்லை.

"எங்ககூட வந்துடேன்ப்பா. பின்னாடி ரூமைக் காலி பண்ணி வெச்சிருக்கோம்."

இதைக் கேட்கத்தான் அவர் வந்திருந்தார். கேரவன் அலமாரியில் குளிர்காலம் முழுவதுக்குமான துணிமணி எல்லாம் தயாராக இருந்தது. லோர்னாவின் தேநீர்க் கெண்டியைக்கூடப் போர்வையில் சுற்றி வைத்திருந்தார். ஆனால் வாய் அதன் தொழிலைப் பார்த்தது.

"கீரன் குறட்டைக்குப் பக்கத்து ரூமா? அதுக்கு இந்தப் பாறைக்கு அடியிலயே படுத்துக்குவேன்."

"நியாயம்தான் மெர்வ்" என்றான் கீரன். "எங்க நாய்கூட வெளியிலதான் படுக்குது."

ட்ரூடி தணலைக் குச்சியால் கிளறினாள். "சரிப்பா. உன் இஷ்டம்."

மெர்வின் காத்திருந்தார். இன்னொரு தடவை கேட்டால் போதும். ஆனால் அவள் லோர்னாவின் மகள். விலைச்சீட்டில் போட்டதைக் கொடுத்துவிட்டு வருகிறவள். இல்லை என்றால் இல்லை என்றுதான் அவளுக்குப் புரியும். எதிர்ப்பாறையில் ஒரு வாலபி, அந்த மலையின் குட்டைக் கங்காரு, தாவியது. உருண்ட கல்லின் சத்தம் பள்ளத்தாக்கெங்கும் திரும்பத் திரும்பக் கேட்டது.

காலையில் கூடாரத்தைச் சுருட்டிக் கட்டியபின் அவள் அருகில் வந்தாள். "எல்லாம் சரியாப்பா?"

"எனக்கென்ன, ஜோரா இருக்கேன்." அந்த ஊர்ப்பக்கத்தில் கால் முறிந்தவனும் இதைத்தான் சொல்வான்.

ஹாக்கர் ஊரைத் தாண்டிச் சாலை பிரிந்தது. அவர்கள் கார் அடிலெய்டுக்குத் திரும்பியது. சாலையில் போகும் வண்டிகளெல்லாம் பேசிக்கொள்ளும் ரேடியோவில் டில்லியின் "டாட்டா தாத்தா" ஒலித்து, மெலிந்து, இரைச்சலாயிற்று. கொஞ்ச தூரம் அந்த இரைச்சலையே கேட்டுக்கொண்டு ஓட்டியவர், கடைசியில் பேசுவதற்கான பொத்தானை அமுக்கினார்.

"ட்ரூடி... குறட்டையெல்லாம் பரவாயில்லம்மா. அந்த ரூமே போதும். அம்மாவோட கெண்டியக்கூட எடுத்துட்டுத்தான் வந்தேன்."

இரைச்சல். பிறகு ஒரு முரட்டுக் குரல்.

"யாருண்ணே அது? நான் ஆடு ஏத்திட்டுப் போற லாரிக்காரன். இங்க நிக்கவே இடமில்ல, ரூமுக்கு எங்க போறது?" சிரிப்பு வந்து, பாதியில் நின்றது. "அண்ணே... எல்லாம் சரிதானே?"

பின்னால் கேரவனுக்குள், போர்வையையும் மீறிக் கெண்டியின் மூடி கடகடத்தது.

"எனக்கென்ன தம்பி" என்றார் மெர்வின். "ஜோரா இருக்கேன்."