ரோமாபுரிப் பாட்டு

பட்டாளத்தில் சேர்ந்து உலகச் சண்டைக்குப் போன சூசைமாணிக்கம் உயிரோடு திரும்பியதில் கொண்டப்பநாயக்கன்பட்டிக்கே சந்தோஷம். அவன் மனைவி அந்தோணிமேரிக்கு மட்டும் சந்தோஷம் இல்லாமலா? வந்த அன்று அழுதாள், சிரித்தாள், கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். ஆனால் வந்த மனுஷன் வாயைத் திறந்தால்தானே! மலைப்பாதையில் லாரி ஓட்டிய காலத்தில் வளைவுக்கு வளைவு சத்தம் போட்டுச் சிரித்தவன், இப்போது சோறு வேண்டும் என்பதைக்கூடத் தட்டை நகர்த்தித்தான் சொன்னான். பாய் விரித்தால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். இத்தாலியில் கைதியாகக் கிடந்தவனாயிற்றே, அங்கே எவளிடமாவது மனசைக் கொடுத்துவிட்டு வந்தானோ என்று அவளுக்கு ஒரு சந்தேகம்.

இதற்கிடையில் நேர்ச்சை வேறு இருந்தது. அந்தோணிமேரி ஏற்காட்டில் ஒரு துரைசானியின் பங்களாவில் ஆயா வேலை பார்த்தவள். அங்கே கிராமபோனில் ஒரு பாட்டு வரும். அடேயப்பா, அதுவல்லவா குரல்! தணிந்து தொடங்கி, மெல்ல மெல்ல ஏறி, உச்சியில் நின்று ஏங்கும். எந்த ஊர்ப் பாட்டு என்று சமையல்காரனைக் கேட்டாள். இத்தாலி என்றான். இத்தாலி என்றால் ரோமாபுரி, ரோமாபுரி என்றால் பாப்பரசர், அங்கிருந்து மாதா பாட்டைத் தவிர வேறென்ன வரும்? இசைத்தட்டின் உறையில் படமாக இருந்த பாடகரும் கறுப்பு உடுப்பும் தொப்பையுமாக ஒரு மேற்றிராணியார், அதாவது பிஷப் போலவே இருந்தார். புருஷன் பிடிபட்ட சேதி வந்ததும் அந்தப் பாட்டை அப்படியே நெட்டுருப் போட்டு, அவன் வரும்வரை தினமும் ஜெபமாலை முடிந்தபின் மாதா சுரூபத்தின் முன்னால் பாடினாள். அவர் உயிரோடு வந்தால் திருநாளன்று கோயிலில் எல்லோர் முன்னாலும் பாடுகிறேன் தாயே என்று நேர்ந்துகொண்டாள்.

திருநாளும் வந்தது. சேலத்துக் கோயிலில் பூசை முடிந்ததும் மாதா சுரூபத்தின் முன்னால் போய் நின்றாள். பெரிய சாமியார் பிரெஞ்சுக்காரர்தான், அந்தச் சீமைப் பாஷை அவருக்குப் புரிந்திருக்கும்; ஆனால் பாவம், காது மந்தம். அவள் கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். பாதி மனுஷனைத்தான் கொடுத்திருக்கிறாய், மீதியையும் கொடு தாயே என்று உருகிப் பாடினாள். கூட்டம் மூச்சு விடாமல் கேட்டது.

ஆண்கள் பக்கத்தில் ஒருவன் சிரித்தான். பார்த்தால், சூசைமாணிக்கம்! எல்லோரும் திரும்பிப் பார்க்கவும், வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டான். அந்தோணிமேரி எப்படியோ பாட்டை முடித்துவிட்டுப் பின்னாலேயே போனாள். அவன் கோயில் சுவரோரம் வேப்பமரத்தடியில் கண் சிவந்து நின்றிருந்தான்.

“ஏனுங்க, சாமி காரியத்துல சிரிப்பீங்களா? என்ற மானமே போச்சுங்க!”

“மேரி, அது மாதா பாட்டு இல்ல புள்ள.”

“பின்னே?”

“காதல் பாட்டு. நேப்பிள்ஸுன்னு ஒரு கடலோரப் பட்டணம். அங்க ஒருத்தன் தனக்குப் புடிச்சவ ஊட்டு வாசல்ல நின்னு பாடறது.”

“அட ஆண்டவரே! இத்தனை நாளா மாதாகிட்டப் போயி இதையா பாடினேன்!” என்று தலையில் அடித்துக்கொண்டாள். உடனே இன்னொன்று சுரீர் என்று தைத்தது. “இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்? எவ பாடிக் காட்டினா?”

“எவளும் இல்ல. எங்களுக்குக் காவல் இருந்த கெழவன். சாயங்காலமானா பொண்டாட்டிய நெனச்சுப் பாடுவான். கையக் கால ஆட்டி எனக்கு அர்த்தமும் சொல்லுவான். நான் காதைப் பொத்திக்குவேன்.”

“ஏனுங்க?”

“கேட்டா உன்ற நெனப்பு வந்துரும். வந்துட்டா அங்க பொழுதைக் கடத்த முடியாது. அதனால மனசு, வாயி எல்லாத்தையும் அடைச்சுப் போட்டேன். இங்க வந்தப்புறம் தெறக்கத் தெரியல.” அவன் மூக்கை உறிஞ்சினான். “இன்னைக்குப் பார்த்தா, அதே பாட்டு உன்ற வாயில வருது. சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துருச்சு புள்ள.”

வந்ததிலிருந்து அவன் பேசியதையெல்லாம் கூட்டினாலும் இவ்வளவு தேறாது. அவளுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. சேலைத் தலைப்பால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

“குரலை உசத்தற எடத்துல என்னங்க சொல்றான்?”

“நீ வரலீன்னா செத்தே போயிருவேங்கறான்.”

“நீங்களா இருந்தா என்ன சொல்லுவீங்க?” கேட்டபிறகுதான் வெட்கம் வந்தது.

கோயிலிலிருந்து சனம் வெளியே வந்துகொண்டிருந்தது. அத்தனை பேர் பார்க்க அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அவன் பாட்டுலதான் சாவறான் மேரி. நான் உனக்காவச் சாவாம வந்தேன்.”